வட கரேலியாவில் மாரடைப்பு குறைந்த விதம்

நாட்பட்ட நோய்கள் எனப்படுபவை, அம்மையையும் காலராவையும் போல வந்து சில வாரங்களில் முடிந்துபோகாமல், ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் அரவமின்றி வளர்ந்து ஒருநாள் தலைகாட்டுபவை. இதயநோய், பக்கவாதம், நீரிழிவு, சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. உணவையும் அன்றாடப் பழக்கங்களையும் திருத்திக்கொண்டால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பதை மருத்துவர் முதல் வாட்ஸ்அப் வைத்தியர் வரை இன்று எல்லோரும் சொல்கின்றனர். ஆனால் ஒரு மாகாணத்து மக்கள் அனைவரையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, அவர்கள் சாப்பாட்டை மாற்றி, அதன் பலனைப் பல பத்தாண்டுகள் அளந்து காட்டிய முயற்சிகள் உலகில் மிகச் சில. அவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுவது பின்லாந்து நாட்டின் கிழக்கெல்லையில், ரஷ்யாவை ஒட்டிக் கிடக்கும் வட கரேலியா மாகாணத்தில் 1972ஆம் ஆண்டு தொடங்கியதாகும்.

காடும் ஏரியும் மிகுந்த அம்மாகாணத்தில் அன்று ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்தனர். மரம் வெட்டுவதும் கறவைமாடு வளர்ப்பதுமே முதன்மையான தொழில்கள். இரண்டாம் உலகப் போரில் கரேலியப் பகுதியின் பெரும்பங்கைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்த பின்லாந்து, அங்கிருந்து வெளியேறிய மக்களுக்கு நிலம் பகிர்ந்து கொடுத்தது; அதனால் சிறு பால்பண்ணைகள் பெருகி, பாலும் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் பஞ்சகாலத்து நினைவு மாறாத குடும்பங்களுக்குச் செழிப்பின் அடையாளமாயின. ரொட்டியில் வெண்ணெயைத் தடித்துப் பூசுவதும், முழுக்கொழுப்புப் பாலைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிப்பதும், இறைச்சியையும் மீனையும் உப்பிட்டு வைப்பதும் வழக்கம். குளிர்காலம் நீண்ட நாடாகையால் பச்சைக் காய்கறியை மாட்டுக்குரிய தீவனமாகவே பலர் எண்ணினர். ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகைபிடித்தனர்.

நாள்தோறும் கோடரி பிடித்து உழைத்த இம்மனிதர்களுக்கு இதயநோய் வரக்கூடாது என்றுதான் எவரும் நினைப்பர். உடலுழைப்பு ஒன்றே போதும் என்ற அந்த எண்ணத்தை முதலில் அசைத்தது அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு'. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளின் நடுவயது ஆண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வில், வட கரேலியாவின் இலொமன்ட்சி என்ற ஊரை உள்ளடக்கிய கிழக்குப் பின்லாந்துப் பிரிவே இதயநோய் மரணத்தில் எல்லோரையும் மிஞ்சி நின்றது. ஆலிவ் எண்ணெயில் சமைத்துண்ட கிரீட் தீவு உழவர்களோ கடைசியில் நின்றனர். நீராவிக் குளியல் முடித்து வந்த பின்லாந்து மரவெட்டிகள், ரொட்டித் துண்டளவு பாலாடைக்கட்டியின் மேல் வெண்ணெயைப் பூசிச் சிற்றுண்டியாக உண்டதைக் கீஸ் வியப்புடன் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே நோயின் உள்வேலையைச் சற்று விளக்க வேண்டும். வெண்ணெய், பாலாடை, இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றில் மிகுந்திருப்பது 'நிறைவுற்ற கொழுப்பு'. அறையின் சூட்டில் உறைந்து நிற்பது அதன் பொதுவான அடையாளம். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். என்னும் துகள்களைப் பிடித்து அகற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இதற்கென அமைந்துள்ள ஏற்பிகள், நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ணும்போது குறைந்துவிடுவதால், அகற்றப்படாத எல்.டி.எல். இரத்தத்தில் தேங்கி, நாளடைவில் தமனிச் சுவருக்குள் நுழைந்து படிகிறது. இருபது முப்பது ஆண்டுகளில் இப்படிவு தடித்து, ஒருநாள் அதன் மேல்தோல் கிழிய, கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால் அதுவே மாரடைப்பு. உப்பினால் ஏறும் இரத்த அழுத்தம் தமனிச் சுவரை ஓயாமல் தாக்கிப் படிவை விரைவுபடுத்துகிறது. புகையிலைப் புகை சுவரின் உட்பூச்சைப் புண்படுத்தி, இரத்தம் உறையும் இயல்பையும் கூட்டிவிடுகிறது. கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகை ஆகிய மூன்றும் 'ஆபத்துக் காரணிகள்' எனப்படுவது இதனால்தான். வட கரேலிய ஆண்களிடம் மூன்றும் ஒருங்கே உச்சத்தில் இருந்தன. 1972இல் எடுத்த அளவீட்டின்படி அவர்களுடைய சராசரிக் கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டருக்கு 265 மில்லிகிராமை ஒட்டியிருந்தது. 200க்குள் இருப்பதே நல்லது என்பது இன்றைய மருத்துவ வழக்கு.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் குடும்பத் தலைவர்கள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த நிலையில், 1971 ஜனவரியில் மாகாண ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளூர் அமைப்புகளின் தலைவர்களும் கையெழுத்திட்டு அரசுக்கு ஒரு மனு அனுப்பினர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையுடன் திட்டம் உருவாகி, மருத்துவத்தோடு சமூக அறிவியலும் படித்திருந்த, முப்பது வயதைக்கூட எட்டாத பெக்கா புஸ்கா அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஓர் இளைஞரிடம் இவ்வேலையை ஒப்படைத்தது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் செய்ய வேண்டியிருந்த வேலையில் பாதி, ஊர் ஊராக அலைந்து கூட்டம் போடுவதாகவே இருந்தது.

அன்றைய மருத்துவ மரபுப்படியானால், ஆபத்து மிகுந்த சிலரைச் சோதனையில் கண்டறிந்து அவர்களுக்கு மட்டும் மருந்தும் அறிவுரையும் தந்திருப்பர். புஸ்காவின் குழுவோ மாகாணம் முழுவதின் சராசரியை இறக்குவதையே இலக்காகக் கொண்டது. இதன் தருக்கத்தைப் பின்னாளில், 1985இல், லண்டனைச் சேர்ந்த கொள்ளைநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் தெளிவாக வகுத்துரைத்தார். கொலஸ்ட்ரால் மிக உயர்ந்து நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆபத்து பெரிது என்றாலும் அவர்கள் எண்ணிக்கையில் சிலரே. நடுத்தர அளவில் இருப்பவர்களுக்குத் தலைக்கு ஆபத்து சிறிது என்றாலும் அவர்கள் பெருங்கூட்டமாதலால், ஊரில் நிகழும் மொத்த மாரடைப்புகளில் பெரும்பங்கு இந்தக் கூட்டத்திலிருந்தே வருகிறது. ஆகவே எல்லோருடைய அளவும் கொஞ்சம் இறங்கினால், சிலருடைய அளவு மிகவும் இறங்குவதைக் காட்டிலும் அதிக உயிர்கள் மிஞ்சுகின்றன. இதில் ஒரு சங்கடமும் உண்டு: வெண்ணெயைக் கைவிடும் ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட முறையில் கிடைக்கும் பலன் மிகச் சிறிது என்பதால், 'எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் விட வேண்டும்?' என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்வது கடினம்.

இந்தக் கேள்விக்கு வட கரேலியாவில் கிடைத்த விடை, மருத்துவத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. தம் உடம்பைப் பற்றிப் பேசுவதையே பலவீனமாகக் கருதிய ஆண்கள், மாகாணத்தின் பேருக்காக என்றால் புகையை விடவும் பாலை மாற்றவும் முன்வந்தனர். நாட்டிலேயே ஏழ்மையானதும் அதிகம் பேர் இறந்துபோவதும் நம் மாகாணத்தில்தான் என்ற அவப்பெயரைத் துடைப்பதாகவே திட்டம் மக்களிடம் பேசியது. புள்ளிவிவரங்களைக் காட்டி அச்சுறுத்தும் துண்டறிக்கைகள் தொடக்கத்தில் அச்சிடப்பட்டபோதிலும், அவற்றால் மட்டும் பெரிதாக எதுவும் நடக்காது என்பதைக் குழுவினர் விரைவில் கண்டுகொண்டனர்.

உண்மையான கதவைத் திறந்துவிட்டவர்கள் பெண்கள். 1899இல் தொடங்கப்பட்ட 'மார்த்தா' என்னும் இல்லத்தரசிகள் அமைப்புக்கு ஊர்தோறும் கிளைகள் இருந்தன. அவ்வமைப்பினர் மாலைநேரக் கூட்டங்களில் புதிய சமையலைச் செய்து காட்டி, எல்லோரும் சேர்ந்து உண்டபின், புஸ்காவோ அவருடைய குழுவினரோ கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகப் பேசுவர். இதில் கவனிக்கத்தக்கது அவர்கள் பழைய உணவை ஒழிக்காமல் திருத்தினார்கள் என்பது. பன்றியிறைச்சியும் உப்பும் தண்ணீருமாக அடுப்பில் நெடுநேரம் வேகும் கரேலியக் குழம்பில் இறைச்சியில் ஒரு பங்கைக் குறைத்து, அந்நாட்டு மண்ணில் எளிதில் விளையும் கிழங்கையும் கேரட்டையும் சேர்த்தனர். குழம்பின் பெயரும் மணமும் மாறாததால் வீட்டு ஆண்கள் மறுப்பின்றி உண்டனர். உப்பும் கொழுப்பும் குறைந்த இவ்வகைச் சமையல் பள்ளிகளிலும் பணியிட உணவகங்களிலும் பரவியது. பின்லாந்தில் 1948 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு இருந்துவருவதால், பள்ளிச் சமையலறையில் நிகழும் ஒரு மாற்றம் ஒரு தலைமுறையின் நாவையே பழக்கிவிடும் வலிமை பெற்றிருந்தது.

ஊரில் மதிப்புள்ளவர்களைத் தேர்ந்து பயிற்சி தந்தது மற்றோர் உத்தி. கடைக்காரர், மன்றத் தலைவர், விளையாட்டுக் குழுப் பொறுப்பாளர் என நூற்றுக்கணக்கானோர், அக்கம்பக்கத்தாருடன் பேசும் வழக்கமான பேச்சினூடே புகைபிடித்தலையும் வெண்ணெயையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்பவர்களாக ஆனார்கள். பின்னாளில் ஊர்களுக்கிடையே கொலஸ்ட்ரால் குறைப்புப் போட்டியும் நடந்தது. சில வாரங்களில் சராசரியை அதிகம் இறக்கிய ஊருக்குப் பரிசு என்றதும், தன் அளவை ஏற்றிவைத்திருப்பவரை ஊரே கேலி பேசத் தொடங்கியதில் வியப்பில்லை. தொலைக்காட்சியில் சிலர் புகையை விடுவதையும் எடையைக் குறைப்பதையும் வாரந்தோறும் காட்டிய தொடர்கள், 1978 முதல் நாடு முழுவதும் ஒளிபரப்பாகி ஏராளமானோரைக் கவர்ந்தன.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. பால்பண்ணைகளை நம்பி வாழும் மாகாணத்தில் வெண்ணெயைக் குறை சொல்வது, தஞ்சாவூரில் நெல்லைக் குறை சொல்வதற்கு ஒப்பான செயல். பால்துறையினர் பத்திரிகைகளில் வாதிட்டனர். உழவர் வாழ்வைக் கெடுக்க வந்தவர்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அக்குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. அறிவுரை சொல்பவருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். அறிவுரையைக் கேட்டு நாடே வெண்ணெயை விட்டால் மாடு வளர்ப்பவர் என்ன செய்வார்? திட்டத்தின் மிக நுட்பமான பகுதி இக்கேள்வியை எதிர்கொண்ட விதத்தில்தான் இருக்கிறது. காட்டிலும் தோட்டத்திலும் விளையும் ஸ்ட்ராபெரி, கறுப்புத் திராட்சைப்பழத்தை ஒத்த கரன்ட் போன்ற சிறுகனிகளைப் பயிரிட உழவர்களுக்கு 1980களில் அரசுத் துறைகளின் உதவியுடன் ஊக்கமளிக்கப்பட்டது. அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடுவதால், கனிகளை உறையவைத்து ஆண்டு முழுவதும் விற்கும் வழிகளும் அமைந்தன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, கடுங்குளிரைத் தாங்கும் ரேப்சீட் வகை பின்லாந்து வயல்களில் பரவியதால் உள்நாட்டிலேயே பிழியப்பட்ட எண்ணெய் சமையலறைக்கு வந்து, வெண்ணெய்க்கு மாற்று வெளிநாட்டுச் சரக்கு என்ற மறுப்பும் வலுவிழந்தது. பாலில் உள்ள கொழுப்பைக் கொண்டு உழவருக்கு விலை கணக்கிட்ட பழைய முறை மாறி, புரதத்துக்கு மதிப்பு கூடியது. விலை மாறியபின் மாடு வளர்ப்பவருக்கும் கொழுப்பு குறைந்த பாலுக்கும் இருந்த பகை பெரிதும் தணிந்தது.

உப்பைப் பொறுத்தவரை தனிமனிதர் செய்யக்கூடியது குறைவு. ஏனெனில் பின்லாந்தினர் உண்ட உப்பில் பெரும்பகுதி உப்புக் குப்பியிலிருந்து வராமல், கடையில் வாங்கும் ரொட்டியிலும் தொத்திறைச்சியிலும் ஏற்கெனவே கலந்து வந்தது. ஆகவே ரொட்டி சுடுவோருடனும் இறைச்சி பதப்படுத்துவோருடனும் பேசி அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்தனர். நாவுக்குத் தெரியாத வேகத்தில் குறைந்தால் எவரும் முறையிடுவதில்லை. 1993 முதல் உப்பு மிகுந்த பொருள்களின் உறையில் அதை வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்று சட்டமே வந்தது. தங்கள் பொருளின் மீது அந்த வாசகம் ஏறுவதை விரும்பாத தயாரிப்பாளர்கள் பலர், கலவையையே மாற்றிக்கொண்டனர். புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்து பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்திய சட்டம் 1976இலேயே நிறைவேறியிருந்தது.

இவற்றோடு, எவரும் திட்டமிடாத ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. காப்பித்தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து அப்படியே ஊற்றிக் குடிப்பது பின்லாந்தின் பழைய வழக்கம். காப்பிக் கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் கொலஸ்ட்ராலை ஏற்றவல்லது. கொதிக்கவைத்த காப்பியில் அது தங்கிவிடுகிறது, காகித வடிகட்டியோ அதைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடுகிறது. காகிதத்தில் வடித்த காப்பி வசதிக்காகவே வீடுகளில் பரவியபோது, நாட்டின் சராசரிக் கொலஸ்ட்ரால் இறங்கியதில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்தது.

பலனைப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் பெரும்பாலோர் ரொட்டியில் வெண்ணெய் பூசிய மாகாணத்தில், சில பத்தாண்டுகளில் அவ்வழக்கம் மிகச் சிறுபான்மையினரிடம் மட்டும் எஞ்சியது. ஆண்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 2007இல் 210ஐ ஒட்டி இறங்கிவிட்டது. கிழக்குப் பின்லாந்தில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் இதயத் தமனி நோயால் இறப்போர், 1969-72 காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 643 பேராக இருந்து, 2012இல் 118 பேராகக் குறைந்தனர். அதாவது 82 விழுக்காடு வீழ்ச்சி. பெண்களில் இவ்வெண்ணிக்கை 114இலிருந்து 17ஆக இறங்கியது. இவ்வீழ்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மேற்சொன்ன மூன்று ஆபத்துக் காரணிகளின் மாற்றமே விளக்கிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். மிச்சத்துக்கு மேம்பட்ட சிகிச்சையும் பிறவும் காரணம். தொடக்க ஆண்டுகளில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் சந்தைக்கு வருவதற்கு முன்பே, இறப்பு இறங்கத் தொடங்கியிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எனினும் இக்கணக்கை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுத்த அண்டை மாகாணமான குவோப்பியோவிலும், பின்னர் நாடு முழுவதும் இறப்பு வேகமாகக் குறைந்தது. எனவே வட கரேலியாவில் நிகழ்ந்த வீழ்ச்சி முழுவதும் திட்டத்தின் விளைவா, காலத்தோடு எங்கும் வந்த மாற்றத்தின் விளைவா என்று எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. முதல் சில ஆண்டுகளில் வட கரேலியா முந்திக்கொண்டதும், 1977க்குப் பின் இதே உத்திகள் நாடளவில் கொண்டுசெல்லப்பட்டதும் திட்டத்தார் தரும் பதில். ஒப்பீட்டு மாகாணத்துக்கும் அதே செய்தித்தாளும் அதே தொலைக்காட்சியும் சென்றுகொண்டிருக்கையில், தூய ஒப்பீடு என்பது எப்படியும் இயலாததாகிவிடுகிறது. வெண்ணெய்க்குப் பதிலாகப் பரிந்துரைக்கப்பட்ட தொடக்ககால மார்கரின் சிலவற்றில், எண்ணெயைச் செயற்கையாகக் கெட்டிப்படுத்துவதால் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருந்ததும், அது வெண்ணெயைவிடக் கேடானது என்பது பின்னரே உறுதியானதும் இவ்வரலாற்றின் ஒரு குறை. ஒரு மாகாணத்துப் பரிசோதனையில் மெய்ப்பிக்கப்பட்டதை எல்லா உணவுப்பழக்கத்துக்கும் பொருந்தும் சூத்திரமாக எடுத்துக்கொள்வதும் தவறு. வெண்ணெய் அங்கே மிகுதியாக உண்ணப்பட்டதால்தான் அதைக் குறைத்ததில் அத்தனை பலன் இருந்தது. வேறு ஊரில் குறைக்க வேண்டியது வேறு பொருளாக இருக்கலாம். எதைக் குறைப்பது என்பதை அந்த ஊரின் சமையலறையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பெக்கா புஸ்கா பின்னர் உலக சுகாதார நிறுவனத்தில் தொற்றா நோய்த் தடுப்புப் பணியின் இயக்குநராகவும், பின்லாந்தின் தேசிய நலவாழ்வு நிறுவனத் தலைவராகவும் பணியாற்றினார். திட்டம் 25 ஆண்டுகளுக்குப் பின் 1997இல் முறைப்படி நிறைவுற்றது. அதன்பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளவீடுகள் தொடர்ந்தன. அவை காட்டிய செய்திகள் எல்லாமே இனிப்பாக இல்லை. ஆண்களிடம் புகை குறைந்த காலத்தில் பெண்களிடம் அது உயர்ந்திருந்தது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைகள் நாகரிகமாகிப்போன 2007க்கும் 2012க்கும் இடையே, நாற்பதாண்டுகளில் முதன்முறையாகக் கொலஸ்ட்ராலின் இறக்கம் நின்று, சற்றே ஏறவும் செய்தது. உடல் எடையும், அதைத் தொடர்ந்து இரண்டாம் வகை நீரிழிவும் பின்லாந்தில் இன்றும் கூடிவருகின்றன. கிழக்கு மாகாணங்களுக்கும் மேற்கு மாகாணங்களுக்கும் இடையே இதயநோய் மரணத்தில் முன்பு இருந்த பெரும் இடைவெளி பெரிதும் குறுகிவிட்டபோதிலும், கிழக்கில் அது இன்னும் சற்று மிகுதியாகவே உள்ளது.